காஃபின் உடலுக்குள் என்ன செய்கிறது? உங்களுக்கான அளவையும் நேரத்தையும் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காபி உடம்புக்கு நல்லதா, கெட்டதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எவ்வளவு குடிக்கிறீர்கள், எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள், உங்கள் கல்லீரல் அதை எவ்வளவு வேகமாகக் கரைத்து வெளியேற்றுகிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் பேசவே முடியும். நம்மில் பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். 'ஒரு நாளைக்கு இரண்டே கப்தான்' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், பாதிச் சிக்கல் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. காலையில் குடிக்கும் இரண்டு கப் செய்யாத கெடுதலை இரவு எட்டு மணிக்குக் குடிக்கும் ஒரே கப் செய்துவிடும்.

கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்து பார்த்தால் உங்களுக்கு எவ்வளவு ஒத்துக்கொள்ளும், கடைசிக் கப்பை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது இரண்டு மூன்று வாரத்தில் பிடிபட்டுவிடும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். கர்ப்பிணிகள், இதயக் கோளாறு உள்ளவர்கள், தினமும் மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோர் ஐந்தாவது படியை முதலில் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

படி 1: உள்ளே போனதும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

காஃபினை முதன்முதலில் தனியாகப் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்க. 1819-இல். அவருக்குக் காபிக் கொட்டைகளைக் கொடுத்து 'இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்' என்று தூண்டியவர் கவிஞர் கோத்தே. செடிகள் இதை நமக்காகத் தயாரிக்கவில்லை. இலையையும் விதையையும் தின்ன வரும் பூச்சிகளை விரட்டத் தயாரிக்கின்றன. பூச்சிக்கு நஞ்சாக இருப்பது நமக்கு, அளவோடு இருக்கும்வரை, விழிப்பைத் தருகிறது.

அது எப்படி என்று பார்ப்போம். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. நரம்பணுக்களின் மேல் அதற்கென்று ஏற்பிகள் இருக்கின்றன. அடினோசின் அவற்றில் போய் அமர்ந்தால் மூளையின் வேகம் குறையும், கண் சொக்கும், 'போதும், படு' என்று உடம்பு கெஞ்சும். காஃபின் மூலக்கூறின் வடிவம் கிட்டத்தட்ட அடினோசினைப் போலவே இருப்பதால் அதே ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான்: துண்டு பயணம் செய்யப் போவதில்லை, ஆனால் அது கிடக்கும்வரை வேறு யாரும் உட்கார முடியாது. காஃபின் அந்த ஏற்பிகளை இயக்குவதில்லை. அடைத்து மட்டும் வைக்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. காஃபின் உங்களுக்குச் சக்தி எதையும் தருவதில்லை. பால், சர்க்கரை சேர்க்காத காபியில் கலோரி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. களைப்பு அப்படியே இருக்கிறது, அதன் குரல் மட்டும் உங்களுக்குக் கேட்கவில்லை. அடைப்பு இருக்கும் நேரத்திலும் அடினோசின் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். காஃபின் விலகியதும் காத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்து உட்காரும். குடித்துச் சில மணி நேரம் கழித்துத் திடீரென்று ஆளைச் சாய்க்கும் அந்தச் சோர்வு அதனால்தான் வருகிறது.

வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போக அதிக நேரம் பிடிப்பதில்லை. குடித்ததில் ஏறக்குறைய முழுவதும் 45 நிமிடத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். அங்கிருந்து மூளைக்குள் நுழையவும் அதற்குத் தடை கிடையாது. கூடவே அட்ரினலின் சுரப்பும் கொஞ்சம் கூடுகிறது. இதயம் சிலருக்கு வேகமாகத் துடிக்கிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, வயிற்றில் அமிலம் கூடுகிறது, மூச்சுக் குழாய்கள் லேசாக விரிகின்றன. உடம்பு காஃபினை உடைக்கும்போது கிடைக்கும் பொருள்களில் ஒன்றான தியோஃபிலின், ஆஸ்துமாவுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவரும் மருந்து. மூளை ரத்தக் குழாய் சுருங்கும் விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏழாவது படியில் தேவைப்படும்.

படி 2: ஒரு நாள் கணக்கை எடுங்கள்

'ஒரு கப்' என்பது ஓர் அளவே அல்ல. ஒருவர் வீட்டுக் கப்பில் 120 மில்லி பிடிக்கும், இன்னொருவர் கையில் இருக்கும் குவளையில் 350 மில்லி பிடிக்கும். அதனால் முதலில் செய்ய வேண்டிய காரியம் இது: நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் கப்பில், வழக்கமாக ஊற்றும் மட்டம்வரை தண்ணீர் நிரப்புங்கள். அதை அளவுக் கோடு போட்ட குவளையில் கொட்டி எத்தனை மில்லி என்று பாருங்கள். நோட்டில் எழுதி வையுங்கள். பலருக்கு இங்கேயே ஆச்சரியம் தொடங்கிவிடும்.

அப்புறம், இந்தத் தோராயக் கணக்கைப் பயன்படுத்துங்கள். 240 மில்லி வடிகட்டிய காபியில் ஏறக்குறைய 95 மில்லிகிராம் காஃபின் இருக்கும். 30 மில்லி எஸ்பிரெஸோவில் 60-க்குச் சற்று மேல். 240 மில்லி கறுப்புத் தேநீரில் 45-50, பச்சைத் தேநீரில் 30-ஐ ஒட்டி. 355 மில்லி கோலா கேனில் 35-40. 250 மில்லி எனர்ஜி டிரிங்க் கேனில் பெரும்பாலும் 80. ஆனால் பெரிய கேன்களில் 150, 200, அதற்கு மேலும் வருகிறது, ஆகவே லேபிளைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கறுப்பு சாக்லேட்டிலும் கொஞ்சம் உண்டு. 'காஃபின் நீக்கிய' காபி என்று விற்பதிலும் ஒரு கப்புக்கு 2 முதல் 15 மில்லிகிராம் வரை மிஞ்சியிருக்கும்.

இவை சராசரிகள்தான். ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் இருக்கிறது. எத்தனை ஸ்பூன் தூள் போடுகிறீர்கள், எவ்வளவு நேரம் ஊறவிடுகிறீர்கள் என்பதும் கணக்கை மாற்றும். வறுவலின் நிறம் பெரிய வித்தியாசம் எதையும் செய்வதில்லை. கசப்பு கூடினால் காஃபின் கூடுதல் என்று நினைப்பது தவறு.

கணக்கில் விட்டுப்போகிற ஒன்று மருந்து அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் தலைவலி, சளி மாத்திரைகள் சிலவற்றில் வலி நிவாரணியோடு காஃபினும் சேர்த்திருப்பார்கள். ஒரு மாத்திரைக்கு 65 மில்லிகிராம்வரைகூட இருக்கலாம். இரண்டு மாத்திரை போட்டால் ஒரு பெரிய காபி குடித்த மாதிரிதான். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலில் பாராசிட்டமாலுக்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உடற்பயிற்சிக்கு முன் எடுக்கும் பொடிகள், எடை குறைக்கும் மாத்திரைகள் ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

மூன்று நாள் இப்படி எழுதுங்கள், அதில் ஒரு நாள் விடுமுறை நாளாக இருக்கட்டும். மொத்தத்தை இந்த எல்லைகளோடு ஒப்பிடுங்கள்: ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையும், ஒரே தடவையில் 200 வரையும் பாதுகாப்புக் கவலை இல்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் அதே 400-ஐத்தான் சொல்கிறது. அது எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்கு அல்ல, தாண்டக் கூடாத கோடு. 150-லேயே கை நடுங்கும் ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த 400 பொருந்தவே பொருந்தாது.

சுத்தமான காஃபின் பொடி என்று ஒன்று இணையத்தில் கிடைக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். ஒரு டீஸ்பூன் பொடி ஏறக்குறைய 28 கப் காபிக்குச் சமம் என்று அமெரிக்க நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. அடுப்படி ஸ்பூனால் இதை அளக்கப் போய் உயிரிழந்தவர்கள் உண்டு. குறுகிய நேரத்தில் 1,200 மில்லிகிராம் அளவில் உள்ளே போனாலே வலிப்பு வரக்கூடும். காஃபின் அதிகமாக உட்கொண்ட ஒருவருக்கு வாந்தி நிற்காமல் வந்தாலோ, இதயம் தாறுமாறாகத் துடித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 3: கடைசிக் கப்பின் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

உடம்பில் உள்ள காஃபின் பாதியாகக் குறைய, ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாலை 4 மணிக்கு 160 மில்லிகிராம் உள்ள ஒரு பெரிய காபி. இரவு 9 மணிக்கு 80 மிச்சம். நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு 40. அதாவது நீங்கள் ஆழ்ந்து தூங்க வேண்டிய நேரத்தில் ஒரு கேன் கோலாவில் இருக்கும் அளவு காஃபின் உங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த 5 மணி நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒன்றரை மணியிலிருந்து ஒன்பதரை மணி வரைகூட வேறுபடுகிறது. காஃபினை உடைக்கும் வேலையைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி1ஏ2 என்ற நொதி செய்கிறது. அது எவ்வளவு சுறுசுறுப்பானது என்பதைப் பரம்பரையும் பழக்கமும் தீர்மானிக்கின்றன. புகைபிடிப்பவர்களுக்கு இந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இரண்டு மடங்காகலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15 மணி நேரம் வரை நீளும். மேலே போட்ட கணக்கில் 5-க்குப் பதில் 10 என்று வைத்துப் பாருங்கள்: அதே மாலை 4 மணிக் காபியில் இரவு 2 மணிக்கும் 80 மில்லிகிராம் மிச்சம் இருக்கும். 'அவர் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார், எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

2013-இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் கொடுத்தபோதே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அதில் முக்கியமான விஷயம், பங்கேற்றவர்கள் பலருக்குத் தூக்கம் குறைந்ததே தெரியவில்லை, கருவிதான் காட்டிக்கொடுத்தது. 2015-இல் வந்த இன்னோர் ஆய்வு, படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பு இரட்டை எஸ்பிரெஸோ அளவு காஃபின் எடுத்தால் உடம்பின் உள் கடிகாரமே சுமார் 40 நிமிடம் பின்னால் தள்ளிப்போகிறது என்று காட்டியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று, ஒரு சாதாரண காபிக்கும் படுக்கைக்கும் இடையில் கிட்டத்தட்ட 9 மணி நேர இடைவெளி இருந்தால் மொத்தத் தூக்கம் குறையாது என்ற கணக்குக்கு வந்தது.

'எனக்கு ராத்திரி காபி குடித்தாலும் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும்' என்று பெருமையாகச் சொல்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். தூக்கம் வருவது வேறு, தூக்கத்தின் தரம் வேறு. காஃபின் முதலில் கைவைப்பது ஆழ்ந்த உறக்கத்தின் மேல்தான். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் அசதி போகவில்லை, அசதி போக முதல் வேலையாகக் காபி, அந்தக் காபியால் அடுத்த இரவும் அரைகுறை. இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது.

செய்ய வேண்டியது: நீங்கள் படுக்கும் நேரத்திலிருந்து 9 மணி நேரம் பின்னால் எண்ணுங்கள். இரவு 11-க்குப் படுப்பவருக்குப் பிற்பகல் 2 மணி. இரண்டு வாரம் அதற்குப் பிறகு காபி, டீ, கோலா எதையும் தொடாதீர்கள். மொத்த அளவைக் குறைக்க வேண்டாம், இருப்பதை முன்னால் நகர்த்தினால் போதும். தினமும் காலையில் எழுந்ததும் இரண்டே குறிப்பு எழுதுங்கள்: தூங்க எவ்வளவு நேரம் பிடித்தது, எழும்போது எப்படி இருந்தது. மாற்றம் தெரிந்தால் அதுதான் உங்கள் நேரம். தெரியாவிட்டால் இன்னும் ஓரிரு மணி நேரம் முன்னால் நகர்த்திப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உங்கள் தூக்கக் கோளாறுக்குக் காரணம் காபி அல்ல. குறட்டை, மன அழுத்தம், கைபேசி என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

காலை எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் முதல் காபி குடிக்க வேண்டும் என்று ஒரு விதி சமூக ஊடகங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. எழுந்ததும் குடிக்கப் பிடித்தால் தாராளமாகக் குடியுங்கள்.

படி 4: உடம்பு காட்டும் அறிகுறிகளைச் சோதியுங்கள்

முதலில் ரத்த அழுத்தம். பழக்கமில்லாதவர் ஒருவர் காபி குடித்தால் அழுத்தம் சில மணி நேரத்துக்கு ஏறி இறங்கும். தினமும் குடிப்பவர்களுக்கு இந்த ஏற்றம் பெரும்பாலும் மழுங்கிவிடுகிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. வீட்டில் பிபி கருவி இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். குடிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து ஒரு அளவு. குடித்து அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி ஓர் அளவு. வேறு வேறு நாள்களில் சில தடவை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 புள்ளி வரை ஏறுகிறது என்றால் உங்கள் உடம்பு காஃபினுக்குக் கூடுதலாகவே அசைந்து கொடுக்கிறது என்று பொருள். ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் இருந்தால் அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனையில் பிபி பார்க்கப் போகும்போது அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம். இல்லாத ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வருவானேன்?

படபடப்பு, இனம் புரியாத பதற்றம், விரல் நடுக்கம், காரணமில்லாத எரிச்சல். இவை வந்த நேரத்தை நோட்டில் குறித்து, அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் என்ன குடித்தீர்கள் என்று பாருங்கள். பீதித் தாக்கு வரும் தன்மை உள்ளவர்களுக்கு அதிக அளவு காஃபின் அந்தத் தாக்கையே கிளப்பிவிடும் என்பது சோதித்து உறுதிசெய்யப்பட்ட விஷயம். மனப் பதற்றத்துக்குச் சிகிச்சை எடுப்பவர் தினமும் ஐந்து கப் காபி குடிப்பதை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள், 'காபிதானே' என்று.

நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் சிலருக்குக் காபி அதைக் கூட்டுகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை. இங்கே பொது விதி கிடையாது. ஒரு வாரம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். காபி குடித்ததும் கழிப்பறைக்கு ஓட வைப்பது காஃபின் மட்டும் அல்ல, காஃபின் நீக்கிய காபியும் சிலருக்குப் பெருங்குடலைக் கிளப்பிவிடுகிறது.

சிறுநீர் அதிகம் போகும், உடம்பு வறண்டுவிடும் என்ற பயம் பெரிதும் தேவையற்றது. காஃபின் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டுவது உண்மைதான், ஆனால் காபியிலும் டீயிலும் இருக்கும் தண்ணீர் அதை ஈடுகட்டிவிடுகிறது, அதுவும் பழகியவர்களுக்கு அந்த விளைவே குறைவு.

ரத்தசோகை உள்ளவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். காபி, டீயில் உள்ள பாலிஃபீனால்கள் உணவில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கும் காஃபினுக்கும் சம்பந்தமில்லை. 1983-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சாப்பாட்டோடு குடித்த காபி இரும்பு உறிஞ்சப்படுவதை 39 சதவீதமும், டீ 64 சதவீதமும் குறைத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எந்தப் பாதிப்பும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ கூடவே குடித்த அளவுக்குத் தடுத்தது. ஆக, முன்னால் குடித்துவிடுவது நல்லது.

கொலஸ்ட்ரால் கவலை இருந்தால் காபி தயாரிக்கும் முறையை மாற்றினாலே போதும். காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், கவியோல் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கெட்ட கொலஸ்ட்ராலை இவை ஏற்றும். தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டாமல் குடித்தால் இவை அப்படியே உள்ளே போகும், காகித வடிகட்டியில் வடித்தால் பெரும்பகுதி காகிதத்திலேயே தங்கிவிடும்.

படி 5: நீங்கள் இந்தப் பட்டியலில் இருக்கிறீர்களா?

கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய ஆணையம் தரும் எல்லை. காஃபின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகும், கருவின் கல்லீரலுக்கோ அதை உடைக்கத் தெரியாது. அதிக அளவு காஃபின், எடை குறைந்த குழந்தை பிறப்பதோடு தொடர்புடையது என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. முழுவதும் நிறுத்திவிட முடிந்தால் இன்னும் நல்லது என்பது என் கட்சி. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் அதே 200-தான். பாலில் போவது சிறிதளவே என்றாலும், பச்சிளம் குழந்தைக்கு அந்தச் சிறிதளவு வெளியேறவே நாள்கணக்கில் ஆகும். குழந்தை தூங்காமல் சிணுங்கிக்கொண்டே இருந்தால் சில நாள் குறைத்துப் பாருங்கள்.

சிறுவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 75. ஒரு சிறிய எனர்ஜி டிரிங்க் கேனே அதைத் தாண்டிவிடும். பிள்ளைகளுக்கு எனர்ஜி டிரிங்க் வாங்கிக் கொடுக்காதீர்கள், இதில் பேச்சுக்கே இடமில்லை. பெரியவர்களும் அதை மதுவோடு கலக்கக் கூடாது. போதை குறையாது, போதையில் இருக்கிறோம் என்ற உணர்வு மட்டும் குறையும். அதனால் இன்னும் குடிக்கத் தோன்றும், வண்டியை எடுக்கவும் தோன்றும்.

அடுத்து மருந்துகள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், மனச்சோர்வுக்கும் எண்ணச் சுழற்சிக்கும் தரப்படும் ஃப்ளுவாக்சமின் ஆகியவை காஃபினை உடைக்கும் நொதியை முடக்கும். வழக்கமான காபியே அப்போது பல மணி நேரம் கூடுதலாக உடம்பில் தங்கிவிடும். 'ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதிலிருந்து தூக்கமே இல்லை' என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் க்ளோசபின் சாப்பிடுபவர்களுக்குக் காஃபின் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். இருதுருவ மனநிலைக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியம் சாப்பிடுபவர்கள் காபியைத் திடீரென்று நிறுத்தினால் லித்தியத்தின் அளவு ஏறி நச்சாகலாம். ஆகவே இந்த இரண்டு மருந்துகளைச் சாப்பிடுபவர்கள் காபியைக் கூட்டுவதையும் குறைப்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினைக் காபியோடு விழுங்கினால் சரியாக உறிஞ்சப்படாது. தண்ணீரோடு போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள்.

புகைப்பழக்கத்தை விடுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. புகை நின்றதும் காஃபின் வெளியேறும் வேகம் பாதியாகிவிடும். அதே மூன்று கப் இப்போது ஐந்தாறு கப் மாதிரி வேலை செய்யும். வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் சிகரெட்டை விட்டதால் வந்தது என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. சிகரெட்டை நிறுத்தும் நாளிலேயே காபியையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

படி 6: நல்ல பக்கத்தையும் பயன்படுத்துங்கள்

இவ்வளவு சொன்னதால் காபிக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். அளவோடு காபி குடிப்பவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு, பார்க்கின்சன் நோய், கல்லீரல் இறுக்கம் ஆகியவை குறைவாகக் காணப்படுகின்றன என்று பெரிய பெரிய தொடர் ஆய்வுகள் சொல்கின்றன. நீரிழிவு விஷயத்தில் காஃபின் நீக்கிய காபிக்கும் அதே தொடர்பு தெரிகிறது. எனவே பெருமை முழுவதும் காஃபினுக்குச் சேராது. இவை தொடர்புகள்தான், காபிதான் காரணம் என்று நிரூபித்த சோதனைகள் அல்ல. இதை நம்பி, குடிக்காதவர் புதிதாகக் குடிக்க ஆரம்பிக்க வேண்டியதில்லை. புற்றுநோய் பயம் இருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் காபியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானத்தையும் உணவுக்குழாய்க்கு ஆபத்தாகலாம் என்று அதே அறிவிப்பில் சொன்னது. ஆற்றிக் குடியுங்கள்.

மருத்துவத்திலும் இதற்கு இடம் உண்டு. குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகள் மூச்சுவிட மறந்து நின்றுவிடுவதுண்டு. அவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் காஃபின் சிட்ரேட் கொடுத்து மூச்சைத் தூண்டுகிறார்கள்.

ஓடுபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் உடற்பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம் எடுத்தால் தாக்குப்பிடிக்கும் திறன் கூடுகிறது. 60 கிலோ ஆளுக்கு 180. கிலோவுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் போனால் பலன் கூடுவதில்லை, நடுக்கம்தான் கூடும். விளையாட்டில் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருந்த காஃபின் 2004-இல் அதிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. மாலையில் பயிற்சி செய்பவர்கள் மூன்றாவது படியை மறந்துவிடக் கூடாது.

பகலில் கண் சொக்குகிறது, தவிர்க்க முடியாத வேலை இருக்கிறது என்றால் ஒரு தந்திரம்: காபியை மடமடவென்று குடித்துவிட்டு உடனே 15-20 நிமிடம் கண்ணை மூடுங்கள். தூங்கும் அந்த நேரத்தில் அடினோசின் கொஞ்சம் வடியும், எழும் நேரத்துக்குக் காஃபின் மூளைக்கு வந்து சேரும். நீண்ட தூரம் வண்டி ஓட்டும்போது ஓரமாக நிறுத்திச் செய்யலாம். ஆனால் இரவு முழுக்கத் தூங்காமல் ஓட்டுவதற்கு இது மாற்று ஆகாது.

படி 7: குறைப்பதென்றால் படிப்படியாகக் குறையுங்கள்

நாள்தோறும் அடைத்தே வைத்தால் மூளை சும்மா இருக்காது. அடினோசின் ஏற்பிகளைக் கூடுதலாக உருவாக்கிக்கொள்ளும். அதனால்தான் முன்பு ஒரு கப்பில் கிடைத்த தெளிவுக்கு இப்போது இரண்டு கப் வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் சட்டென்று நிறுத்தினால் ஏற்பிகள் எல்லாம் திறந்து கிடக்கும், சுருங்கியிருந்த மூளை ரத்தக் குழாய்கள் விரியும். தலைவலி பிய்த்துக்கொண்டு போகும். கூடவே அசதி, எரிச்சல், கவனம் சிதறுதல், சிலருக்குக் காய்ச்சல் வருவது போன்ற உடல்வலியும் குமட்டலும். கடைசிக் கப்புக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், முதல் இரண்டு நாள்களில் உச்சத்துக்குப் போகும், 2 முதல் 9 நாள் வரை நீடிக்கும். நாளுக்கு 100 மில்லிகிராம் குடிப்பவருக்குக்கூட வரும். விடுமுறை நாளில் தாமதமாக எழுந்ததும் தலை வலிக்கிறதே, அதில் பாதி இந்தக் கணக்குதான். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய் வகைப்பாட்டில் இதை அதிகாரப்பூர்வமாகவே சேர்த்துவிட்டது.

எனவே இரண்டாவது படியில் எடுத்த மொத்தக் கணக்கில் கால் பங்கை முதலில் வெட்டுங்கள். மூன்று நான்கு நாள் அதே அளவில் நில்லுங்கள். தலைவலி இல்லையென்றால் இன்னொரு கால் பங்கு. மாலைக் கப்பிலிருந்து வெட்டத் தொடங்குங்கள், காலைக் கப் கடைசியில் போகட்டும். கையில் ஒரு கப் இல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை என்றால், தூளில் காஃபின் நீக்கியதைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். நாக்கு ஏமாந்துவிடும். இடையில் தலை வலித்தால் மாத்திரை எடுக்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். காஃபின் சேர்ந்த மாத்திரை வலியை உடனே நிறுத்திவிடும், ஆனால் நீங்கள் குறைத்ததை எல்லாம் திருப்பி உள்ளே போட்டுவிடும். அப்படிப்பட்ட மாத்திரையை மாதத்தில் பத்து நாளுக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடவும் கூடும்.

ஓரிரு வாரம் முழுவதும் விட்டிருந்தவருக்கு ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். மறுபடி குடிப்பதானால் பழைய அளவில் தொடங்காதீர்கள். அரைக் கப்பே கையை நடுங்க வைக்கும்.

நாமாக முடிவெடுக்காமலே காபி நின்றுபோகும் சந்தர்ப்பங்களும் வரும்: அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிறு, விரதம், காய்ச்சலில் படுக்கை. தேதி முன்கூட்டியே தெரிந்தால் ஒரு வாரம் முன்பே மேலே சொன்னபடி குறைக்கத் தொடங்கிவிடலாம். அறுவை சிகிச்சை என்றால், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் உங்களிடம் மருந்து, ஒவ்வாமை விவரங்களைக் கேட்கும்போது தினமும் எத்தனை கப் குடிப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அறுவைக்கு மறுநாள் வரும் தலைவலிக்கு அவர் காரணம் தேடும்போது இந்த ஒரு தகவல் உதவும்.